பயிற்சிக்குப் பிறகு எங்கே அறுந்துபோகிறது? குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களுக்கான இழை

பயிற்சிமேசை

வணக்கம். குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர்களும் எடுத்துக்கொண்டவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பள்ளி, மருத்துவமனை, சமூகப்பணி, காவல்துறை என எல்லாப் பக்கமும்.

பயிற்சி முடிகிற அன்று தேர்வு வைத்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். அடையாளங்கள் தெரிகின்றன, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. ஆனால் ஒரு குழந்தை வாய் திறக்கிற நேரத்தில், ஒரு காயம் கண்ணில் படுகிற நேரத்தில், கற்றது கைக்கு வருவதில்லை. பயிற்சியில் கற்றது வேலைக்குப் போய்ச் சேர்வதைப் பற்றி 1988-ல் பால்ட்வினும் ஃபோர்டும் எழுதிய கட்டுரையில் மூன்று காரணிகளைப் பிரித்தார்கள்: பயிற்சி பெறுபவர், பயிற்சியின் வடிவம், வேலை நடக்கும் சூழல். நாம் முதல் இரண்டைத்தான் திரும்பத் திரும்பத் திருத்துகிறோம். மூன்றாவது பயிற்றுநரின் கண்ணுக்கே வருவதில்லை.

"ஊழியர்களுக்கு அக்கறை இல்லை" என்ற பதில் வேண்டாம், அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. உங்கள் துறையில் கற்றதற்கும் செய்வதற்கும் இடையிலான தொடர்பு எந்தப் படியில் அறுந்துபோகிறது, ஏன் என்று எழுதுங்கள்.

விசாரணைப்பிரிவு

எங்கள் பக்கம் அறுந்துபோவது கேள்வி கேட்கும் இடத்தில்.

குழந்தைகளை நேர்காணல் செய்வதற்கான என்ஐசிஎச்டி (அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம்) நெறிமுறை 2000-ல் வெளிவந்தது. திறந்த கேள்விகளால் குழந்தையைத் தன் வார்த்தையில் சொல்லவைப்பதுதான் அதன் மையம். லாம்பும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நேர்காணல் செய்பவர்களுக்குத் தொடர்ந்து பின்னூட்டம் கிடைத்தவரை தரம் நின்றது. பின்னூட்டம் நின்ற பிறகு திறந்த கேள்விகள் குறைந்து, பழைய பாணிக் கேள்விகள் திரும்பிவிட்டன. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை.

காரணம் எளிது. பெரியவர்கள் நாள் முழுக்கக் குழந்தைகளிடம் ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்விகளையே கேட்கிறோம். "சாப்பிட்டியா? முடிச்சியா? கை கழுவுனியா?" பதற்றம் வந்தால் அந்தப் பழக்கம்தான் முதலில் வாய்க்கு வரும். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டுவிட்டால், பதில் எதுவாக இருந்தாலும் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் நாம்தான், குழந்தை இல்லை. கலிஃபோர்னியாவில் 1983-ல் தொடங்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிப் பாலியல் துன்புறுத்தல் வழக்கு 1990-ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. குழந்தைகளிடம் பதிலைத் திணித்துக் கேட்ட நேர்காணல்களே அந்த வழக்கின் பெரிய பலவீனம். அப்படிக் கேட்டபின் நடந்தது எது, நடக்காதது எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. மாதம் ஒரு பதிவை எடுத்து எழுத்தாக்கி, ஒவ்வொரு கேள்வியையும் நான்கு வண்ணத்தில் குறிக்க வேண்டும்: "நடந்ததை முதல்லேருந்து சொல்லு" போன்ற திறந்தவை, யார்-எங்கே-எப்போது வகை, ஆமா-இல்லை வகை, பதிலைத் திணிப்பவை. குறிப்பது சக ஊழியராக இருக்கட்டும். ஒருவர் தன் பதிவையே குறித்தால் மூன்றாம் வகையெல்லாம் முதல் வகையாகத் தெரியும். இன்னொன்று, மௌனம். குழந்தை நிறுத்தியதும் இரண்டு விநாடியில் அடுத்த கேள்வி போகிறது. மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுக் கேட்டாலே பாதிக் கேள்விகள் தேவைப்படாது.

ஆலோசனைஅறை

இதையே பள்ளிப் பயிற்சியில் சொல்லும்போது விபரீதமாகிவிடுகிறது. "விசாரணை உங்கள் வேலை இல்லை, எதுவும் கேட்காதீர்கள்" என்று ஆசிரியர்களுக்குச் சொல்கிறார்கள். விளைவு, குழந்தை முதல் வாக்கியம் சொன்னதும் ஆசிரியர் உறைந்துபோகிறார். "இரு, இரு, இதை என்கிட்ட சொல்லாதே, ஆலோசகர் மேடம்கிட்ட சொல்லு" என்கிறார். குழந்தை தேர்ந்தெடுத்தது அந்த ஆசிரியரை. அவர் கையசைத்து நிறுத்திவிட்டால் ஆலோசகரிடம் போய் அது "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லும்.

ஆசிரியர்களுக்குத் தேவை தடைப் பட்டியல் அல்ல, வாயில் ஏறி உட்கார்ந்த நாலைந்து வாக்கியங்கள்:

"நீ சொல்றதைக் கேட்டுட்டு இருக்கேன்."
"சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை."
"இன்னும் ஏதாவது சொல்லணும்னா சொல்லு."
"உன்னைப் பாதுகாப்பா வெச்சுக்க, இதை ஒருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும். யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

நாலாவது வாக்கியம்தான் எல்லோருக்கும் தடுமாறும். குழந்தை முதலிலேயே "யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டுவிடும். அந்த நிமிடத்தில் மனசு இளகி "சரி, சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதை மீறுவது மிகவும் கெடுதல். பெரியவர்கள் பேச்சு மாறுவார்கள் என்பதை அந்தக் குழந்தை ஏற்கெனவே ஒருமுறை கற்றிருக்கிறது.

"ஏன் அப்பவே சொல்லலை?" கூடவே கூடாது. தகவலாகத்தான் கேட்கிறோம், குழந்தை காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது.

விசாரணைப்பிரிவு

ஏற்கிறேன். எல்லை எங்கே என்று மட்டும் சேர்க்கிறேன். முதலில் கேட்பவருக்குத் தெரிய வேண்டியது, இந்தக் குழந்தை இன்று மாலை வீட்டுக்குப் போவது பாதுகாப்பா, உடனே மருத்துவம் வேண்டுமா என்ற இரண்டுதான். அதற்கான தகவல் கிடைத்ததும் கேள்வியை நிறுத்தலாம். குழந்தை தானாகப் பேசினால் நிறுத்தக் கூடாது.

எழுதுவது உடனே, அதே நாளில், கையெழுத்தோடு. நேரம், இடம், நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே, குழந்தை சொன்னது அப்படியே. வீட்டில் புழங்கும் சொல்லால் உறுப்பைச் சொன்னால் அதே சொல்லை எழுத வேண்டும். "பாலியல் சீண்டல் நடந்ததாகத் தெரிவித்தார்" என்று நாகரிகமாக மாற்றிவிட்டால் குழந்தை என்ன சொன்னது என்பதே தொலைந்துவிடுகிறது. உங்கள் கருத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியை எழுதாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கேள்வி இல்லாத பதிலை வைத்து எங்களால் எதையும் எடைபோட முடியாது.

குழந்தைகள்வார்டு

மருத்துவமனையில் பிரச்சினை வேறு. அடையாளங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் படிவத்தில் இடம் இல்லாதது மூளையிலும் நிற்பதில்லை.

டென்-4 விதியை எடுத்துக்கொள்ளுங்கள் (உடற்பகுதி, காது, கழுத்து என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளும் 4 என்ற எண்ணும் சேர்ந்த பெயர்). 4 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு உடற்பகுதி, காது, கழுத்து இவற்றில் ரத்தம் கட்டிக் கன்றியிருந்தால் யாராவது அடித்திருக்கலாமா என்று யோசிக்க வேண்டும். நாலு மாதமும் அதற்குக் கீழும் உள்ள சிசுவுக்கு உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் அப்படி யோசிக்க வேண்டும். 2021-ல் பியர்ஸும் குழுவினரும் அதை விரிவாக்கி, உதட்டு நாண், தாடைக் கோணம், கன்னத்தின் சதைப்பகுதி, இமை, வெண்விழி, ஏதாவது ஒரு பொருளின் வடிவம் பதிந்த கன்றல் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை தானாக அடிபட்டுக்கொள்வது அரிது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அந்தக் குழந்தை வருவது இருமலுக்கு. சட்டையைத் தூக்கி நெஞ்சில் கருவி வைப்பார்கள், காதுக்குப் பின்னால் பார்க்க மாட்டார்கள். சேர்க்கைப் படிவத்தில் "முழு உடலும் பார்த்தேன்: ஆம் / இல்லை, இல்லையென்றால் ஏன்" என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் உடல் வரைபடம். இரண்டு நாள் பயிற்சியைவிட இது அதிகம் செய்யும்.

பயிற்சிக்குப் பிறகும் நிற்கும் மூன்று தவறான நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் பழையது என்று சொல்லலாம் என்பது. முடியாது. நிறத்தை விவரியுங்கள், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், வயது சொல்லாதீர்கள். இரண்டு, பாலியல் வன்முறையில் உடல் பரிசோதனை இயல்பாக இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்பது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனை இயல்பாகவே இருக்கும். மூன்று, "நாளைக்குப் பார்க்கலாம்". எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம். வெள்ளி மாலை தெரிந்ததைத் திங்கள் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தால் முதல் கதவு மூடியிருக்கலாம்.

இன்னொன்று, பெரிய மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவது. லண்டனில் 2000-ல் துன்புறுத்தலால் இறந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பி வழக்கில், ஒரு மருத்துவமனையில் இளநிலை மருத்துவர்கள் துன்புறுத்தலைச் சந்தேகித்த பின்னும், மூத்த மருத்துவர் சொறிசிரங்கு என்று சொன்னதும் பாதுகாப்பு நடவடிக்கை தளர்ந்துபோனது. அந்த மரணத்தை விசாரித்து 2003-ல் வந்த லேமிங் அறிக்கை, அமைப்புகள் தலையிட்டிருக்க வேண்டிய குறைந்தது 12 தருணங்களைக் காட்டியது. இளையவர் "எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது, கோப்பில் எழுதுகிறேன்" என்று சொல்வதற்கு ஒரு வழி எழுத்தில் இருக்க வேண்டும். தைரியம் வேண்டும் என்று பயிற்சியில் சொல்வதால் தைரியம் வராது.

களப்பணியாளர்7

அடி, தழும்பு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்களிடம் வருவதில் கஷ்டமானது புறக்கணிப்பு. அதில் "சம்பவம்" என்று ஒன்று இருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, தலையிடும் வரம்புக்குக் கீழே. மூன்று ஊழியர் மாறியிருப்பார்கள், ஒவ்வொருவரும் தன் காலத்தில் நடந்ததை மட்டும் பார்த்து "கவனித்து வரலாம்" என்று எழுதியிருப்பார்கள்.

இதற்கு ஒரே கருவி காலவரிசைத் தாள். ஒரு பக்கம், நாலு கட்டம்: தேதி, நடந்தது, யார் சொன்னது, என்ன செய்தோம். இப்படி:

மார்ச் 4 | நேற்றைய உடையிலேயே வந்தான், சிறுநீர் வாடை | வகுப்பு ஆசிரியர் | மாற்று உடை கொடுத்தார். தாய்க்கு அழைத்தார், எடுக்கவில்லை
மார்ச் 11 | பல் வீக்கம், மூன்றாவது முறை மருத்துவரிடம் வரவில்லை | பல் மருத்துவமனை | புதிய நாள் கொடுக்கப்பட்டது
மார்ச் 19 | இரவு 9 மணிக்கு 4 வயதுத் தங்கையோடு வீட்டில் தனியாக | பக்கத்து வீட்டார் | தொலைபேசியில் தாயிடம் பேசியது

இதைப் பார்க்கும் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஆனால் பயிற்சியில் "காலவரிசை முக்கியம்" என்று ஒரு வரி வரும், உட்கார்ந்து ஒரு கோப்பிலிருந்து எடுத்து எழுதவைக்க மாட்டார்கள். 60 பக்கக் கோப்பு ஒன்றைப் பெயர் மாற்றிக் கொடுத்து 90 நிமிடம் விட்டுப்பாருங்கள். பாதிப் பேர் கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாமல் திணறுவார்கள், ஏனென்றால் கோப்பிலேயே அது இருக்காது.

வீட்டுக்குப் போகும்போது நடப்பது இன்னொன்று. பெற்றோர் நன்றாகப் பேசுவார்கள், எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள், நாம் வருகிற நாளுக்கு வீடு துடைத்து வைத்திருக்கும். ஒப்புக்கொண்டதை எழுதிவிட்டு வருகிறோம், மாறியதை எழுதுவதில்லை. குழந்தை படுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்ததா, குழந்தையோடு தனியாகப் பேசியதா என்ற இரண்டும் அறிக்கையில் இல்லையென்றால் அந்த வருகை நடக்காததற்குச் சமம். மொழி தெரியாத குடும்பம் என்றால் உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். குழந்தையின் குரல் யார் கையில் போய்ச் சேரும் என்று யோசித்தாலே போதும்.

ஆலோசனைஅறை

களப்பணியாளர்7, வருத்தத்தோடுதான் கேட்கிறேன். பள்ளிகள் தகவல் அனுப்பிய பிறகு எந்தப் பதிலும் வருவதில்லை. கிடைத்ததா என்றுகூடத் தெரியாது. அடுத்த முறை ஆசிரியர் எழுதத் தயங்குவது பயிற்சி மறந்ததால் இல்லை. போன முறை எழுதினார், பெற்றோர் வாசலில் வந்து சண்டை போட்டார்கள், குழந்தையைப் பள்ளியிலிருந்தே நிறுத்தினார்கள், அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. அனுப்பியதால் குழந்தைக்குக் கெடுதல்தான் ஆனது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். இதை எந்த வகுப்பும் மாற்றாது.

களப்பணியாளர்7

நியாயமான கேள்வி. விசாரணையின் விவரம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் கிடைத்தது, இன்னார் பார்க்கிறார், எடுத்துக்கொண்டோம் அல்லது எடுக்கவில்லை, எடுக்கவில்லையென்றால் அடுத்து நீங்கள் யாரிடம் போகலாம் என்ற நாலையும் சொல்ல ரகசியக் காப்பு தடையே இல்லை. இந்த நாலு வரிக்கு ஓர் அச்சுப் படிவமும் காலக்கெடுவும் வைக்காதது எங்கள் பக்கத்துத் தப்பு. உங்கள் பக்கமும் ஒன்று எழுதிவையுங்கள்: பதில் வராவிட்டால் எத்தனை நாளில், யார், யாரை அழைப்பது. அனுப்பியதோடு வேலை முடியவில்லை.

வருகிற கடிதங்களின் தரத்தையும் சொல்லியாக வேண்டும். "குழந்தை சில நாட்களாகச் சோர்வாக இருக்கிறாள். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று தோன்றுகிறது." இதை வைத்து என்ன செய்வது? "இரண்டு வாரத்தில் ஐந்து முறை வகுப்பில் தூங்கினாள். செவ்வாயன்று 'ராத்திரி கதவைப் பூட்டிக்க முடியாது, அதான் தூங்கமாட்டேன்' என்று தானாகச் சொன்னாள். மாலை 4 மணிக்கு அழைத்துப் போக வருபவர் தாயின் நண்பர்." இரண்டையும் எழுதியது ஒரே ஆசிரியராக இருக்கலாம். முதலாவதில் கருத்து இருக்கிறது, இரண்டாவதில் கண்டது இருக்கிறது. இரண்டாவது வந்தால் அன்றே ஆள் போகும்.

குழந்தைகள்வார்டு

பெற்றோரிடம் சொல்லிவிட்டு அனுப்புவதா, சொல்லாமலா? இதில் எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

களப்பணியாளர்7

பொதுவாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. மறைத்தால் பிறகு அந்தக் குடும்பத்தோடு வேலை செய்யவே முடியாது. சொல்லக் கூடாத நேரங்கள் உண்டு: வீட்டில் இருப்பவர்மீதே பாலியல் சந்தேகம், பெற்றோர் குழந்தைக்கு நோயைச் செயற்கையாக உண்டாக்குகிறார் என்ற சந்தேகம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் அல்லது குழந்தையை மிரட்டி வாயடைப்பார்கள் என்ற பயம். இவற்றில் எங்களை அழைத்துவிட்டுத்தான் பெற்றோரிடம் போக வேண்டும். சந்தேகமாக இருந்தால் அழைத்துக் கேளுங்கள், கேட்பதற்குக் குழந்தையின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை.

விசாரணைப்பிரிவு

படங்கள் பற்றி ஒரு அவசரக் குறிப்பு. குழந்தையின் தொலைபேசியில் குழந்தைகளின் ஆபாசப் படம் இருப்பது தெரிந்தால் திரைப்பிடிப்பு எடுக்காதீர்கள், அச்செடுக்காதீர்கள், தலைமையாசிரியருக்கு அனுப்பாதீர்கள். ஆதாரம் சேர்க்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் செய்தாலும் பல நாடுகளில் அந்த அனுப்புதலே குற்றம். குழந்தைக்கும் அது இன்னொரு சுற்றுத் துன்புறுத்தல். பார்த்ததை ஒரு வாக்கியத்தில் எழுதி, கருவியை அழிக்கவோ நோண்டவோ விடாமல் பாதுகாத்து, எங்களை அழையுங்கள்.

சிறப்புக்கல்வி

மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் உங்கள் பேச்சில் இதுவரை வரவில்லை. பயிற்சிகளிலும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வருகிறார்கள்.

இங்கே இரண்டு இடத்தில் அறுந்துபோகிறது. தழும்பு இருந்தால் "சக்கர நாற்காலி உரசல்", அலறினால் "அவனுக்கு அப்படித்தான்" என்று எல்லாவற்றுக்கும் ஊனமே காரணமாகிவிடுகிறது. இரண்டாவது, பேச்சுக்குப் பதிலாகப் படப் பலகை பயன்படுத்தும் குழந்தைகள். அந்தப் பலகையைத் திறந்து பாருங்கள். உணவு, கழிப்பறை, விளையாட்டு, தொலைக்காட்சி எல்லாம் இருக்கும். அந்தரங்க உறுப்புகள் இருக்காது. "வலிக்குது", "வேண்டாம்", "நிறுத்து", "ரகசியம்", "பயம்" இருக்காது. சொல்லவே கருவி இல்லாத குழந்தையிடம் "நடந்ததைச் சொல்லு" என்று எவ்வளவு திறந்த கேள்வி கேட்டாலும் பயனில்லை. சம்பவம் நடந்த பிறகு சேர்த்தால், சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்ற வாதம் வரும். ஆகவே இன்றைக்கே, எல்லாக் குழந்தைகளின் பலகையிலும் சேர்க்க வேண்டும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல் யார் யார் செய்கிறார்கள் என்ற பட்டியலும் அந்தக் குழந்தையின் கோப்பில் இருக்கட்டும்.

மேற்பார்வை

மேற்பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து. 2011-ல் இங்கிலாந்தில் ஐலீன் மன்ரோ குழந்தைப் பாதுகாப்பு பற்றித் தந்த ஆய்வறிக்கை, அமைப்பு விதிகளைப் பின்பற்றினோமா என்பதில் மூழ்கி, குழந்தைக்கு உதவி கிடைத்ததா என்பதை விட்டுவிட்டது என்றது. மேற்பார்வைக் கூட்டத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் எந்தப் படிவம் பாக்கி, எந்தக் கெடு தாண்டியது. மீதியில் வழக்கு. பயிற்சியில் கற்ற எதையும் அங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் அது உதிர்ந்துவிடுகிறது.

மாதம் ஒருமுறையாவது படிவங்களைத் தனி நேரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் பேசுங்கள். "இந்தக் குழந்தையின் ஒரு நாள் காலையிலிருந்து இரவுவரை எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். ஊழியரால் சொல்ல முடியாத மணிநேரங்கள் எவையோ, அடுத்த வருகை அதற்காக. "உங்கள் கணிப்பு தவறு என்றால் எது அதைக் காட்டும்?" என்ற கேள்வியும் வேண்டும். முதல் வாரத்தில் எடுத்த முடிவில் ஒட்டிக்கொள்வது அனுபவசாலிகளுக்கும் நடக்கும்.

இதில் மிகக் கடினமானது சக ஊழியர்மீது சந்தேகம் வரும்போது. எல்லாச் சுவரிலும் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் பெயர் ஒட்டியிருக்கும். அந்தப் பொறுப்பாளரே சந்தேகத்துக்கு உரியவர் என்றால்? அல்லது அவருடைய நெருங்கிய நண்பர் என்றால்? அந்தத் தாளில் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் எண் கட்டாயம் இருக்க வேண்டும். "முதலில் உள்ளுக்குள் விசாரித்துவிட்டு" என்று தொடங்கும் எந்த ஏற்பாடும் அந்த நபருக்கு எச்சரிக்கை கொடுத்து, குழந்தையை இரண்டாம் முறை பேசவைத்து, ஆதாரத்தைக் கெடுக்கும்.

பயிற்சிமேசை

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் வைத்து வடிவத்தில் என்ன மாற்றலாம் என்று எழுதுகிறேன், வெட்டித் தள்ளுங்கள்.

இரண்டு நாளை ஒரு நாளாக்கலாம். மிச்ச நேரத்தை மூன்று மணி நேரத் துண்டுகளாக ஆறாவது, பன்னிரண்டாவது வாரங்களில் வைக்கலாம். முதல் நாளில் பாதி நேரம் மூவர் மூவராக ஒத்திகை: ஒருவர் குழந்தை, ஒருவர் ஊழியர், ஒருவர் பார்வையாளர். பார்வையாளர் கையில் கேள்வி வகைத் தாள், எண்ணிக்கை மட்டும் போடுவார். ஏழு நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் எழுத்துப் பதிவு, மூன்று நிமிடம் ஒப்பிடுதல், பிறகு இடம் மாற்றம். குழந்தையாக நடிப்பவருக்குச் சீட்டில் கதை எழுதித் தர வேண்டும். சொந்த அனுபவத்திலிருந்து நடிக்கச் சொல்லக் கூடாது. அறையில் பாதிக்கப்பட்டவர்களும் இருப்பார்கள், வெளியே போக அனுமதியும் பேச ஓர் ஆளும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்.

அளவிடச் சான்றிதழ்களை எண்ண வேண்டாம். பயிற்சிக்கு முன் அனுப்பிய பத்துக் கடிதம், பின் அனுப்பிய பத்துக் கடிதம். குழந்தையின் சொந்த வார்த்தை இருக்கிறதா, கேட்ட கேள்வி இருக்கிறதா, கண்டதும் கருத்தும் பிரிந்திருக்கிறதா, இன்றைய பாதுகாப்பு பற்றி ஒரு வரி இருக்கிறதா. கடிதங்களின் எண்ணிக்கை கூடுவது மட்டும் வெற்றி இல்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் அனுப்பினாலும் எண்ணிக்கை கூடும், அப்போது களப்பணியாளர்7-ன் மேசையில் அவசரமானது அடியில் புதைந்துவிடும்.

ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து அவர் பத்துப் பேருக்குச் சொல்லும் அடுக்கு முறையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்றாவது படியில் சட்டப் பிரிவு எண்கள் மட்டும் மிஞ்சுகின்றன, ஒத்திகை போய்விடுகிறது.

மேற்பார்வை

அடுக்கு முறையை முழுக்க விட முடியாது, வாரா வாரம் புதியவர்கள் சேரும் இடங்களுக்கு வேறு வழி இல்லை. அடுத்த பயிற்சிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது சேருபவருக்கு என்ன செய்வீர்கள்?

பயிற்சிமேசை

முதல் நாளே, குழந்தைகளோடு விடுவதற்கு முன், இருபது நிமிடம். வகுப்பாக எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைக்க வேண்டும். ஆலோசனைஅறை எழுதிய நாலு வாக்கியங்களைப் புதியவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதிரிச் சம்பவத்தைக் கேட்டு வெற்றுப் படிவத்தில் எழுத வேண்டும். பொறுப்பாளர், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர், வெளி எண், மூன்றையும் தன் தொலைபேசியில் போட்டுக்கொண்டு ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும். அழைத்துப் பார்க்கும்போதுதான் அந்த எண்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதே பல இடங்களில் தெரியவரும்.

மேற்பார்வை

இதை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் கூட்டி, எழுதிய படிவத்தை மேற்பார்வையாளர் அன்றே படித்துத் திருத்திக் கொடுப்பதையும் சேர்த்துவிடுகிறேன்.